வெயில் எடுத்த படம்

"தம்பி, காலை ஆட்டாதே. நீ ஆட்டினா என் யோசனையும் சேர்ந்து ஆடுது."

நிறுத்தினேன். அண்ணி உடனே ஸ்டீயரிங்கில் விரலால் தட்ட ஆரம்பித்தாள். நான் செய்தால் கெட்ட பழக்கம், அவள் செய்தால் சிந்தனை. எங்கள் துப்பறியும் நிறுவனத்தின் சட்டதிட்டமே அவ்வளவுதான். நிறுவனம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அண்ணி முதலாளி, மீதி எல்லாம் நான். என் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் திட்டுகிற வேலையைப் பார்த்துக்கொள்கிறான்.

அவள் வண்டியை நிறுத்த இடம் தேடி முடிப்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காலை ஒரு டாக்டரம்மா தன் பழைய காரை ஒரு பட்டறையில் விட்டார். காரின் உள்பக்கத்துப் பிளாஸ்டிக் பேனல்கள் எல்லாம் மஞ்சள் பூத்துப் போயிருந்தன. அவற்றைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். சாவிக்கொத்தை அப்படியே கொடுத்துவிட்டு க்ளினிக் போய்விட்டார். கொத்தில் கார் சாவி, டிக்கி சாவி, அவற்றோடு கழற்ற மறந்துபோன வீட்டு பீரோ சாவி என்று அவரே சொன்னார். அந்த பீரோவுக்கு வேறு சாவி கிடையாது. பீரோவுக்குள் அவருடைய காலஞ்சென்ற அம்மாவின் வைர நெக்லஸ் இருந்தது. இருந்தது என்பதற்கு, வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அவர் தங்கையே சாட்சி. காலையில் நெக்லஸைக் கண்ணால் பார்த்தாள், அக்கா பூட்டுவதையும் பார்த்தாள். அது தங்கைக்கு என்று அம்மா சொல்லிவிட்டுப் போன நகை. நேற்று சாயங்காலம் இரண்டு பேருமாகப் பட்டறைக்கு வந்து, பீரோ சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு போய்த் திறந்தால் உள்ளே நெக்லஸைக் காணோம். பூட்டில் ஒரு கீறல் இல்லை. பகலெல்லாம் பின்கதவு திறந்தே கிடக்கிற வீடு. தங்கை மத்தியானம் அசந்து தூங்கியிருக்கிறாள். அப்படியானால் சாவி யாரிடம் இருந்ததோ அவன்தானே திருடன்?

இன்று காலை டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். "பாவம், பிள்ளைகுட்டிக்காரன். சாயங்காலத்துக்குள்ள அவனாவே திருப்பிக் குடுத்துட்டா விட்டுடறேன். இல்லைன்னா தெரிஞ்ச இன்ஸ்பெக்டர் வந்து கூட்டிட்டுப் போயிடுவார். நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்களேன்."

பெரிய மனசு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணிக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

"இவ்வளவு பெரிய ஊர்ல எத்தனையோ பேர் துப்பறியறாங்க. நம்மளை எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்றாள், வண்டியை ஒரு வழியாக நிறுத்திவிட்டு.

"நம்ம திறமையைக் கேள்விப்பட்டிருப்பாங்க."

"கடைசியா நாம என்ன கண்டுபிடிச்சோம்?"

"ஒரு ஜோடி செருப்பு."

"யாரோடது?"

"நம்மளோடது."

"ஹூம்," என்று சொல்லிவிட்டு அண்ணி இறங்கினாள்.

பட்டறை என்றால் ஒரு தகரக் கொட்டகை, அதற்குப் பின்னால் உயரமான சுவர் எழுப்பிய முற்றம், முற்றத்துக்குப் பின்தெருப் பக்கம் வண்டி வர ஒரு கதவு. கொட்டகை வாசலில் ஒரு பெண் தையல் மெஷினில் சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"போலீஸா?"

"இல்லம்மா, துப்பறியறவங்க," என்றேன்.

"அப்போ இன்னும் மோசம். அவங்களுக்காவது யூனிஃபார்ம் இருக்கு, வரும்போதே தெரியும்."

பட்டறைக்காரரின் மனைவி. பட்டறைக்காரரைத் தெருவில் எல்லோரும் பாலிஷ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மெஷின் மட்டும் கடகடவென்று ஓடியது. பிறகு அது தானாக நின்றது.

"அவர் எடுத்தாரான்னு கேட்காம உட்கார்ந்திருக்கீங்களே, அதுக்காகச் சொல்றேன்," என்றாள் அவள். "ஒரு தடவை ஜீப் இந்த வாசல்ல நின்னுட்டாப் போதும்மா. அப்புறம் எடுத்தாரா இல்லையான்னு எவனும் விசாரிக்க மாட்டான். எங்க பொழைப்பே அடுத்தவங்க சாவியை வாங்கி வெச்சு நடக்கற பொழைப்பு. நாளைக்கு எவன் நம்பி சாவியைக் குடுப்பான்? இந்த மெஷினை வித்துட்டு நான் எங்கே போறது?"

அவள் குரல் உடையவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, தொங்கிய நூலை வெட்டினாள். அவள் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது, இன்ஸ்பெக்டர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், எங்களிடமோ ஒரு துரும்பு கூட இல்லை.

பாலிஷ் முற்றத்தில், டாக்டரம்மாவின் காருக்குள் பாதி உடம்பை நுழைத்து ஒரு கதவு பேனலை மாட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். ஒரு க்ளிப்பைத் தட்டுவார், வாசலைப் பார்ப்பார், மறுபடி ஒரு க்ளிப். மாட்டி முடித்த பேனல்கள் புதுக் காரில் இருப்பது போலப் பளிச்சென்று இருந்தன. இன்னும் இரண்டு கதவு பாக்கி.

"டாக்டரம்மா அவசரப்படுத்தறாங்க சார்," என்றார் என்னிடம். "காலையிலேருந்து போன் மேல போன். பேனல் மாட்டாட்டியும் பரவாயில்ல, காரை மட்டும் விட்டுடுங்கிறாங்க. அரைகுறையா எப்படி விடறது?"

அண்ணி சட்டென்று திரும்பினாள். "திருடன்னு சொன்ன ஆள்கிட்ட, காரை மட்டும் குடுத்துடுன்னா சொல்றாங்க?"

"ஆமாம்மா."

அவள் முற்றத்தை இரண்டு சுற்று சுற்றி வந்தாள். "சரி, நேத்து என்னெல்லாம் செஞ்சீங்க? வேலையைச் சொல்லுங்க, மத்தது எதுவும் வேண்டாம்."

வேலையைப் பற்றிக் கேட்டதும் மனிதருக்கு மூச்சு சீரானது. பேனலைக் கழற்றிக் கழுவி, முடியை வெளுக்க வைக்கிற க்ரீமையே கொஞ்சம் கெட்டியாக அதன்மேல் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் வைக்க வேண்டுமாம். மஞ்சளாக்கினதும் வெயில், அதை எடுக்கிறதும் வெயில். க்ரீம் காய்ந்துவிட்டால் திட்டுத் திட்டாகிவிடும். அதனால் காய்வதற்குள் துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். நாள் பூரா பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

"அப்போ நீங்க இங்கேயேதான் இருந்தீங்கன்னு யாராவது பார்த்தாங்களா?" என்றேன்.

"என் வீட்டுக்காரி பார்த்தா."

"பொண்டாட்டி சாட்சியைப் புருஷனே நம்ப மாட்டான், இன்ஸ்பெக்டர் எங்கே நம்பப் போறார்?" என்றேன். கொட்டகையிலிருந்து கத்தரிக்கோல் மேஜை மேல் டணாரென்று விழுந்த சத்தம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"சாவியை எங்கே மாட்டி வெச்சிருந்தீங்க?" என்றாள் அண்ணி.

"மாட்ட மாட்டேன்மா. ஒரே நாள்ல மூணு நாலு கார் பேனல் வெயில்ல கிடக்கும், எல்லாம் ஒரே நிறம். மாறிப்போயிடக் கூடாதுன்னு எந்தக் கார் பேனலோ அந்தக் கார் சாவியை அதுமேலயே வெச்சுடுவேன். தாள் காத்துல தூக்காம இருக்கவும் ஆச்சு."

"வெச்ச இடத்துல வெயில் படாதே. தழும்பு விழாதா?"

"விழும். அதான் நல்ல பேனல் மேல வைக்கறதில்ல. ஸ்டீயரிங்குக்கு அடியில ஃப்யூஸை மூடற பலகை ஒண்ணு இருக்கு. குனிஞ்சு படுத்தாத்தான் தெரியும். கார் வந்ததும் முதல்ல அதைத்தான் கழட்டி க்ரீமைப் பூசிப் பார்ப்பேன், மாதிரிக்கு. சாவி அதுமேலதான் இருக்கும்."

அண்ணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். காருக்குள் தலைகீழாகப் படுத்து, பெடல் மூக்கில் இடிக்க, ஸ்க்ரூடிரைவரோடு மல்லுக்கட்டினேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பலகை கையோடு வந்தது. என் சட்டை பட்ட பாட்டை எழுதினால் அது தனி நாவலாகிவிடும்.

வெளிச்சத்தில் பார்த்தோம். பலகை வெளுத்திருந்தது. நடுவில் மட்டும், வெயில் படாத இடங்களில், மஞ்சள் உருவங்கள். வளையமும் சாவிகளும் வரைந்து வைத்தது மாதிரி. ஒன்றல்ல, ஒன்றையொட்டி ஒன்றாக விசிறி போல விரிந்திருந்தன.

"இது ஏன் இத்தனை?" என்றாள் அண்ணி.

"ஒவ்வொரு தடவை க்ரீம் பூசறப்பவும் கொத்தை எடுத்துட்டு, பலகையை ஒரே பக்கமா கொஞ்சம் திருப்பி வைப்பேன், எல்லா மூலையும் ஒரே மாதிரி வெயில் வாங்கட்டும்னு. அப்புறம் கொத்தைப் பழையபடி மேல வைப்பேன். சாவி முனை எப்பவும் சுவர் பக்கம் இருக்கும். என் கைப்பழக்கம்."

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. "அண்ணி! இவர் நாள் பூரா இங்கேயே இருந்து திருப்பித் திருப்பி வெச்சிருக்கார். வெயிலே படம் பிடிச்சு வெச்சிருக்கு. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

அண்ணி குதிக்கவில்லை. "பீரோ சாவி எப்படி இருக்கும்?"

"மத்த ரெண்டைவிட நீளம்," என்றாள் பாலிஷின் மனைவி, எப்போது எழுந்து வந்தாளோ. "ஒல்லிக் கழுத்து. நேத்து சாயங்காலம் அக்காளும் தங்கச்சியும் கழட்டினப்போ பார்த்தேன்."

"எந்த மூலையில ஆரம்பிச்சீங்க?"

பாலிஷ் பலகையில், ஸ்க்ரூ மாட்டுகிற காது ஒன்று உடைந்திருந்த மூலையைக் காட்டினார். அண்ணி அந்த மூலைக்குப் பக்கத்திலிருந்த முதல் உருவத்தின்மேல் விரலை வைத்தாள். ஒரு வளையம், இரண்டு குட்டைச் சாவிகள். ஒல்லிக் கழுத்தைக் காணோம்.

என் குதியாட்டம் அடங்கிவிட்டது. காரை விட்டவுடனே பீரோ சாவி கொத்தில் இல்லை. அப்படியானால் இவர் முதல் காரியமாக அதைக் கழற்றி வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பினாரா? நான் பாலிஷைப் பார்த்த பார்வையை அவர் மனைவி பார்த்துவிட்டாள்.

"என்ன சார் அப்படிப் பார்க்கறீங்க?"

"தம்பி, நீ சும்மா இரு," என்றாள் அண்ணி. அவள் விரல் விசிறியின் ஓரமாக ஒவ்வொரு உருவத்தையும் தொட்டுக்கொண்டே கடைசி வரை போனது. அங்கே நின்றது. என் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பதற்குள் பலகையைத் துண்டில் சுற்றிவிட்டாள். அவள் முகம் சிவந்திருந்தது. கோபம் என்று பிறகுதான் தெரிந்தது.

"நேத்து யார் வந்தாங்க?"

"டாக்டரம்மா மட்டும்தான். மத்தியானத்துக்கு மேல ஒரு டாக்ஸியில வந்தாங்க. டிக்கியில மூக்குக்கண்ணாடி இருக்குன்னு கொத்தை வாங்கினாங்க. திருப்பிக் குடுத்ததும் புதுசா க்ரீம் பூசிக் கடைசித் தடவையா மேல வெச்சேன். வெயில் இறங்கற வரைக்கும் அப்படியே இருந்துச்சு."

"தம்பி," என்றாள் அண்ணி மெதுவாக, "நம்மளை ஏன் கூப்பிட்டாங்கன்னு இப்போ புரியுது. கண்டுபிடிக்கறதுக்கு இல்ல. துப்பறியறவங்களை வெச்சும் தேடிப் பார்த்துட்டேன், ஒண்ணும் நடக்கலைன்னு தங்கச்சிகிட்ட சொல்றதுக்கு. அதுக்குத் தோதா, செருப்பைத் தொலைச்ச ஆளுங்களாப் பார்த்துப் பிடிச்சிருக்காங்க."

அப்போது வாசலில் ஜீப் வந்து நின்றது.

ஜீப் ஒரு தெருவை என்ன செய்யும் என்று அன்றுதான் பார்த்தேன். ஜன்னல்கள் திறந்தன, எதிர்ச் சாரிக் கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். இன்ஸ்பெக்டரும் டாக்டரம்மாவும் தங்கையும் முற்றத்துக்குள் வருவதற்கு முன்னாலேயே ஒரு பெரிய மீசைக்காரர் அவர்களைத் தாண்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"பாலிஷ், என் வேன் சாவியைக் குடுத்துடு. வேலை கிடக்கட்டும், நான் வேற இடத்துல பார்த்துக்கறேன்."

பாலிஷின் மனைவி அவரைப் பார்த்தாள். உள்ளே போய் ஆணிகள், நூல்கண்டுகளுக்கு நடுவே அந்தச் சாவியைத் தேட ஆரம்பித்தாள். அவள் பயந்தது அவள் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

"பேசிப் பார்த்தீங்களா?" என்றார் டாக்டரம்மா. நரைத்த தலை, கஞ்சி போட்ட புடவை, பார்த்தாலே கைகூப்பத் தோன்றும் முகம்.

"பார்த்தோம் டாக்டர். ஒரு சின்ன சந்தேகம்," என்றாள் அண்ணி. "காரை விட்டப்போ கொத்துல எத்தனை சாவி?"

"மூணு. சொன்னேனே."

"மத்தியானம் டிக்கி திறக்கக் கொத்தை வாங்கினப்போ?"

"அப்பவும் மூணு. பீரோ சாவியை என் கண்ணால பார்த்தேன். நல்ல மனுஷனாத்தான் தெரியறான், இருக்கட்டும்னு விட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா. கார் ரெடியா? நான் கிளம்பணும்."

"கிளம்பலாம். தம்பி, டிக்கியைத் திற."

"டிக்கி எதுக்கு?" டாக்டரம்மா முன்னால் வந்தார். நான் அதற்குள் திறந்துவிட்டேன். எனக்கு அந்த வேகம் என்றைக்கும் உண்டு, யோசனைதான் பின்னால் வரும். ஸ்டெப்னிக்கு அடியில் கையை விட்டேன். ஒரு துணிமுடிச்சு. பிரித்ததும் வைரங்கள் சாயங்கால வெயிலில் மின்னின.

முதலில் பேசியது டாக்டரம்மாதான்.

"பார்த்தீங்களா இன்ஸ்பெக்டர்! இவன் இடத்துலேயே இருக்கு. என் கார்லேயே ஒளிச்சு வெச்சிருக்கான்!"

இன்ஸ்பெக்டர் பாலிஷின் தோளைப் பிடித்தார். உள்ளேயிருந்து வேன் சாவியோடு வந்த அவர் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். நான் அண்ணியை எரித்துவிடுவது போலப் பார்த்தேன். டிக்கியைத் திறக்கச் சொன்னது அவள், திறந்து அந்த மனிதரைப் பிடித்துக் கொடுத்தது நான். இந்தத் தொழிலே வேண்டாம் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன்.

அண்ணி துண்டைப் பிரித்தாள்.

"சார், தோளை விட்டுட்டு இதைப் பாருங்க," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். விசிறியை அவருக்கு விளக்கினாள்: ஒவ்வொரு தடவை பூசும்போதும் ஒரு உருவம், உடைந்த காது பக்கம் முதலாவது, அந்தக் கோடியில் கடைசி. "இதெல்லாம் ரெண்டு சாவி. காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் கொத்துல பீரோ சாவியே இல்ல. இப்போ கடைசியைப் பாருங்க."

குனிந்து பார்த்தோம். கடைசி உருவத்தில் வளையம், இரண்டு குட்டைச் சாவிகள், அவற்றுக்கு நடுவே ஒல்லிக் கழுத்தோடு நீளமாக ஒன்று.

"கடைசித் தடவைக்கும் அதுக்கு முன்னாடித் தடவைக்கும் நடுவுல இந்த முற்றத்துக்கு வந்தது ஒரே ஒரு ஆள். டிக்கியைத் திறந்ததும் அதே ஆள்தான். கொத்தை வாங்கினப்பவே மூணு சாவி இருந்துச்சுன்னு இப்போ உங்க முன்னாடி சொன்னாங்க. வாங்கினப்போ ரெண்டு, சார். திருப்பிக் குடுத்தப்போதான் மூணு. பீரோ சாவி காலையில அவங்க கைப்பையிலேயே தங்கிடுச்சு. மத்தியானம் தங்கச்சி தூங்கறப்போ வீட்டுக்குப் போய் எடுத்திருக்காங்க. வீட்டுல வெச்சாத் தேடுவாங்க, தன் கார்ல யார் தேடப் போறாங்க? அதான் காரைக் குடு, காரைக் குடுன்னு காலையிலேருந்து போன்."

டாக்டரம்மா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவர் நேற்றும் பார்த்திருப்பார், அதன்மேலிருந்துதான் பாலிஷ் கொத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். காலடியில் கிடக்கிற ஒரு துண்டு பிளாஸ்டிக்கை யார் மதிக்கிறார்கள்?

"அக்கா?" என்றாள் தங்கை.

"கடைசி வரைக்கும் அம்மாவைப் பார்த்துக்கிட்டது யாரு?" டாக்டரம்மாவின் குரல் திடீரென்று கிழிந்தது. "குளிப்பாட்டினது யாரு, ராத்திரியெல்லாம் முழிச்சது யாரு? நீ லீவுக்கு வந்துட்டுப் போவே. நெக்லஸ் மட்டும் உனக்கு."

"அதைச் சொல்லிக் கேட்டிருந்தா நானே உன் கழுத்துல போட்டிருப்பேனேக்கா. அதுக்கு இந்த மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தியா?"

டாக்டரம்மா இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "பின்பக்கம் வழியா கூட்டிட்டுப் போங்க. தெருவுல எல்லாரும் என் பேஷண்ட்ஸ்," என்றார். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். பெரிய இடத்துக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள்.

பாலிஷின் மனைவி போய்ப் பின்பக்கக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். அதன்மேல் சாய்ந்தும் நின்றுகொண்டாள்.

"ஜீப் வந்தப்போ தெருவே பார்த்துச்சு டாக்டர். யாருக்காக வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா? முன்வாசல் வழியாவே போங்க."

டாக்டரம்மா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கொட்டகைக்குள் புகுந்து, தையல் மெஷினைத் தாண்டி, வாசலுக்கு நடந்தார். பின்னால் இன்ஸ்பெக்டர், கையில் துணிமுடிச்சு. தெருவில் முணுமுணுப்பு எழுந்து, சட்டென்று அடங்கியது. ஜீப் கிளம்பிப் போனது.

மீசைக்காரர் மட்டும் முற்றத்திலேயே நின்றிருந்தார். பாலிஷின் மனைவி நேராக அவரிடம் போய், கைக்குள் வைத்திருந்த வேன் சாவியை நீட்டினாள்.

"இந்தாங்க. கேட்டீங்களே."

அவர் சாவியைப் பார்த்தார், பாலிஷைப் பார்த்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேலை முடியட்டும்மா, அப்புறம் வாங்கிக்கறேன்."

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. ஜீப் வந்து நின்றபோது அழாதவள், புருஷன் தோளில் கை விழுந்தபோது அழாதவள், அப்போதுதான் அழுதாள்.